டிரம்ஸ் வாசித்தவருக்கு 10 சதவீதமா, 25 சதவீதமா? ‘தி ஸ்மித்ஸ்’ குழு எழுதி வைக்காமல் விட்ட ஒரு பக்கம்

1996 டிசம்பர். லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள், அவரோடு ஐந்து வருடம் ஒரே மேடையில் நின்ற பாடகரும் கிட்டார் கலைஞரும். குழு கலைந்து அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கேள்வி ஒன்றுதான்: குழுவுக்கு வந்த பணத்தில் டிரம்ஸ் வாசித்தவருக்கு 10 சதவீதமா, 25 சதவீதமா?

அந்தக் குழுவின் பெயர் ‘தி ஸ்மித்ஸ்’. 1980-களின் பிரிட்டிஷ் சுயாதீன ராக் இசை என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. 1982-ல் தொடங்கி 1987-ல் முடிந்துபோன குழு. அந்த ஐந்து வருடத்தில் நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள், ஏறக்குறைய எழுபது பாடல்கள். அதற்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் கிட்டார் குழுக்களில் இவர்களுடைய சாயல் படாதவை குறைவு.

இதைப் பெரும்பாலும் இரண்டு மேதைகள் மனம் கசந்து பிரிந்த கதையாகத்தான் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அதைவிடச் சின்னதாக, அதைவிட எல்லோருக்கும் பொருந்துகிற விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. பாட்டு எழுதியது யார் என்பதில் இந்த நான்கு பேருக்குள் சண்டையே வரவில்லை. குழு யாருடையது என்பதில்தான் வந்தது. அதை யாரும் தாளில் எழுதி வைக்கவில்லை. சட்டம் அதை எழுதியது. சட்டம் எழுதியதுதான் சரி என்பது என் கருத்து.

கதவைத் தட்டிய 18 வயதுப் பையன்

1982-ல் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில் ஒரு வீட்டுக் கதவை ஜானி மார் தட்டினார். அப்போது அவருக்கு வயது 18. துணிக்கடையில் வேலை, கையில் கிட்டார், தலை நிறைய மெட்டுகள். அந்த வீட்டில் இருந்தவர் ஸ்டீவன் மாரிஸி. ஜானியைவிட நான்கு வயது மூத்தவர், வேலை இல்லை. இசைப் பத்திரிகைகளுக்கு விடாமல் கடிதம் எழுதுவார். ‘நியூயார்க் டால்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் எழுதியிருந்தார்.

ஜானி சும்மா போய்க் கதவைத் தட்டவில்லை. எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த ஜெர்ரி லீபர் - மைக் ஸ்டோலர் ஜோடியும் இப்படித்தான், ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் போய் நின்றதில்தான் தொடங்கியது என்று அவர் அறிந்திருந்தார். அவருக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு பாட்டெழுதும் கூட்டாளி. குழு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றம் வரை போன சிக்கலின் விதை இங்கேதான் இருக்கிறது.

1982 அக்டோபர் 4 அன்று மான்செஸ்டர் ரிட்ஸில் முதல் நிகழ்ச்சி. டிரம்ஸில் மைக் ஜாய்ஸ். அதன் பிறகு பேஸ் கிட்டாருக்கு ஆண்டி ரோர்க் வந்து சேர்ந்தார். அவர் ஜானியின் பள்ளிக்கூட நண்பர். ஆக, முதலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். பிறகு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆனால் மேடையில் நின்றபோது நான்கு பேர். ரசிகர்கள் பார்த்ததும் நான்கு பேரைத்தான்.

‘சுயாதீனம்’ என்றால் என்ன?

‘இண்டி’ என்ற சொல் இன்றைக்கு ஒரு இசை வகையின் பெயராகிவிட்டது. அன்றைக்கு அது பணம் எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லும் சொல். பெரிய இசை நிறுவனங்களின் தயவு இல்லாமல், சின்ன நிறுவனம் வழியாகத் தட்டு வெளியிட்டு, தனி விநியோகஸ்தர்கள் மூலம் கடைக்குக் கொண்டுபோனால் அது இண்டி.

‘ரஃப் டிரேட்’ அப்படிப்பட்ட நிறுவனம். 1976-ல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் திறந்த ஒரு தட்டுக்கடைதான் தொடக்கம். 1978-லிருந்து சொந்தமாகத் தட்டு வெளியிட ஆரம்பித்தார்கள். ஸ்மித்ஸின் முதல் சிங்கிளைப் பதிவு செய்ய ஆன செலவை, அவர்களுடைய முதல் மேலாளரும் துணிக்கடை முதலாளியுமான ஜோ மாஸ் கொடுத்தார். ஜானியும் ரோர்க்கும் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய் டிராவிஸின் கையில் கொடுத்தார்கள். 1983 மே மாதம் அந்த சிங்கிள் ரஃப் டிரேடில் வெளிவந்தது.

அதே வருடம் முறையான ஒப்பந்தம் போடப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர்: மாரிஸி, ஜானி மார். ஜாய்ஸும் ரோர்க்கும் போடவில்லை.

அன்றைக்கு இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இருபது வயதுப் பையன்கள். பாட்டு வானொலியில் வருகிறது, ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். ‘மொதல்ல வேலை நடக்கட்டும், காசைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்’ என்று நம்மூரில் நண்பர்கள் சேர்ந்து கடை போடும்போது சொல்வார்களே, அதே மனநிலைதான் எந்த ஊரிலும்.

1984 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் 2-ம் இடம் பிடித்தது. 1985-ல் வந்த ‘மீட் இஸ் மர்டர்’ 1-ம் இடத்துக்கே போனது. அது கீழே தள்ளியது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ ஆல்பத்தை. ஒரு சின்ன நிறுவனத்தின் தட்டு ராட்சத நிறுவனத்தின் தட்டைத் தள்ளிவிட்டு முன்னால் போனது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பணமும் வர ஆரம்பித்தது.

இரண்டு பேர் பாட்டு எழுதிய விதம்

இந்த ஜோடியின் வேலை முறையைத் தெரிந்துகொண்டால்தான் பங்குக் கணக்கு விளங்கும்.

நம் சினிமாவில் ‘மெட்டுக்குப் பாட்டு’ என்பது பழகிய விஷயம். இசையமைப்பாளர் பாடும் மெட்டை ‘தனன’ போட்டுக் கொடுப்பார், கவிஞர் அதில் சொற்களை உட்கார வைப்பார். ஸ்மித்ஸிலும் பெரும்பாலும் இசைதான் முதலில் வந்தது. ஜானி கிட்டாரில் ஒரு முழுப் பாட்டுக்கான இசையை அமைத்து, கேசட்டில் பதிந்து கொடுப்பார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அந்தக் கேசட்டில் பாடும் மெட்டு இருக்காது. கிட்டாரின் ஓட்டம் மட்டும்தான். அதன் மேல் எந்த ராகத்தில், எங்கே தொடங்கி எங்கே நிறுத்திப் பாடுவது என்பதை மாரிஸியே முடிவு செய்வார். பல்லவி வரும் என்று ஜானி நினைத்த இடத்தில் மாரிஸி சரணம் பாடிக்கொண்டிருப்பார். பல்லவியே இல்லாமலும் போகும். அவர்களுடைய பாடல்கள் வழக்கமான பாப் பாட்டு மாதிரி இல்லாமல் இருக்க இது முக்கியமான காரணம்.

ஆக, இசை ஒருவர், சொல் ஒருவர் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பாட்டின் மெட்டு என்று நம் காதில் நிற்பதில் பெரும்பகுதி மாரிஸியுடையது. அந்த மெட்டுக்கு இடம் கொடுத்த அடித்தளம் முழுவதும் ஜானியுடையது. அதனால்தான் எல்லாச் சொந்தப் பாடல்களிலும் ‘மாரிஸி - மார்’ என்று சேர்ந்தே பெயர் வந்தது. பாட்டெழுதிய வகையில் வரும் வருமானமும் பாதிக்குப் பாதி. இந்தப் பிரிப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வழக்குப் போட்ட ஜாய்ஸும் இதில் பங்கு கேட்கவில்லை.

ஆனால் ஒரு பாட்டைத் தட்டில் கேட்கும்போது நாம் கேட்பது இரண்டு பேரை மட்டும்தானா? ‘திஸ் சார்மிங் மேன்’ பாட்டில் ரோர்க்கின் பேஸ் கிட்டாரை எடுத்துவிட்டுக் கேட்டால் பாதி உயிர் போய்விடும். ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ பாட்டு கிட்டத்தட்ட அந்த பேஸ் மீதே ஓடுகிறது. ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ பாட்டில் கிட்டார் ஒலி அலை அலையாக நடுங்குமே, அது 1984-ல் லண்டன் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் ஜானியும் நான்கு ஆம்ப்ளிஃபையர்களைச் சேர்த்து ஓடவிட்டு, அவை ஒன்றுக்கொன்று தாளம் தப்பும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பிடித்த ஒலி. பாட்டை எழுதியவர் இருவர்தான். பாட்டு அந்த உருவத்துக்கு வந்ததில் அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

ஒரு பாட்டு, இரண்டு வருமானம்

குழப்பம் வருவது இங்கேதான். ஒரு பாட்டுக்கு இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு.

முதலாவது, பாட்டு என்ற படைப்பின் உரிமை. சொல்லும் இசையும். அதை யார் பாடினாலும், எந்தக் குழு மறுபடி வாசித்தாலும், எழுதியவருக்குப் பங்கு போகும்.

இரண்டாவது, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவிலிருந்து வரும் பணம். தட்டு விற்றால் நிறுவனம் தன் செலவையும் பங்கையும் எடுத்துக்கொண்டு மீதியைக் குழுவுக்குக் கொடுக்கும். இது எழுதியதற்கு வரும் பணம் கிடையாது. வாசித்ததற்கும் பாடியதற்கும் வருவது. இதோடு மேடை நிகழ்ச்சிப் பணமும் உண்டு.

ஸ்மித்ஸில் முதல் வகை மாரிஸிக்கும் ஜானிக்கும் மட்டும். தகராறு இரண்டாவது வகையில். அந்தப் பணத்தை அவர்கள் 40, 40, 10, 10 என்று பிரித்தார்கள். எழுதிய இருவருக்குத் தலா 40, மற்ற இருவருக்குத் தலா 10.

எளிதாகச் சொன்னால், தட்டு விற்று 100 ரூபாய் குழுவின் கைக்கு வந்தால் டிரம்ஸ் வாசித்தவருக்கு 10 ரூபாய். சமமாகப் பிரித்திருந்தால் 25 ரூபாய். பாடகரும் கிட்டார் கலைஞரும் எழுதியதற்கான பணத்தைத் தனியாக ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். அதற்கு மேல் இந்த 40.

அதுக்கு ஒரு நியாயமும் இல்லையா? உண்டு. ரஃப் டிரேடுடன் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள் இருவர். பேட்டிகள் மாரிஸியின் மேல் விழுந்தன. தட்டு அட்டைக்குப் படம் தேர்ந்தெடுப்பதும் அவரே. ஒலிப்பதிவை வழிநடத்துவது, ஜோ மாஸ் விலகிய பிறகு வண்டி ஏற்பாடு தொடங்கி நிறுவனத்தோடு பேசுவது வரை பெரும் சுமை ஜானியின் மேல். அதிகம் உழைப்பவர் அதிகம் எடுப்பது குற்றமில்லை. ‘எனக்கு 40 வேண்டும், உனக்கு 10 தருகிறேன், சம்மதமா?’ என்று கேட்டு, எதிரில் இருப்பவர் ‘சரி’ என்றால் அதோடு விஷயம் முடிந்தது. அந்தச் சம்மதம் வாங்கப்பட்டதா என்பதுதான் வழக்கு.

நீதிமன்றம் என்ன சொன்னது?

1989-லேயே ரோர்க்கும் ஜாய்ஸும் பங்கு கேட்டுச் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள். கடனில் இருந்த ரோர்க் நீண்ட வழக்குக்குத் தயாராக இல்லை. 83,000 பவுண்டு ரொக்கமும் தொடர்ந்து 10 சதவீதமும் என்று சமாதானமாகிப் போய்விட்டார். ஜாய்ஸ் விடவில்லை. வழக்கு 1996-ல் தீர்ப்புக்கு வந்தது.

மாரிஸி தரப்பு, 10 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த, ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்றது. ஜாய்ஸ், தான் எப்போதும் சமப் பங்காளி என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். 10 சதவீதத்துக்கு ஜாய்ஸ் சம்மதித்தார் என்று காட்ட, அவர் கையெழுத்திட்ட ஒரு தாள்கூட இல்லை.

அப்போது நீதிபதி கையில் எடுத்தது 1890-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டத்தை. ராக் இசை பிறப்பதற்கு அறுபது வருடத்துக்கு மேல் பழைய சட்டம் அது. அதன் 24-வது பிரிவு சொல்வது எளிமையானது: கூட்டாளிகள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, லாபம் எல்லோருக்கும் சமம். நான்கு பேர் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினார்கள். வேறு ஒப்பந்தம் நிரூபிக்கப்படவில்லை. எனவே ஆளுக்கு 25.

ஜாய்ஸுக்கு வந்து சேர வேண்டிய பழைய பாக்கி சுமார் 10 லட்சம் பவுண்டு. நீதிபதி, ஜாய்ஸும் ரோர்க்கும் நேர்மையாகப் பேசினார்கள் என்றார். மாரிஸியின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று கடுமையான சொற்களில் சொன்னார். மாரிஸி மேல்முறையீடு செய்தார். 1998-ல் அதுவும் தள்ளுபடியானது. பல வருடம் கழித்து, 2013-ல் வெளிவந்த சுயசரிதையிலும் இந்த வழக்கின் மேல் தன் கோபத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவருக்கு ஆறவில்லை.

மேல்முறையீட்டில் வந்த ஒரு கருத்துதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சமப் பங்கு என்பதுதான் தொடக்கப் புள்ளி. அதை மாற்ற வேண்டும் என்றால் தெளிவான சம்மதம் வேண்டும். ஒருவர் பேசாமல் இருந்தார் என்பதை வைத்து, அவருக்கு நஷ்டம் தருகிற ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது.

இருபது வயதில் கனவுபோல ஒரு வாழ்க்கை கிடைத்திருக்கும்போது எவன்தான் எழுந்து நின்று ‘கணக்கைக் காட்டு’ என்று கேட்பான்? கேட்டால் குழுவில் இடம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அந்த மௌனத்தைச் சம்மதமாக எண்ணக் கூடாது என்று சொன்னதால்தான் இந்தத் தீர்ப்பு இசை உலகத்தைத் தாண்டியும் பொருந்துகிறது.

இதே விதி நம்மிடமும் இருக்கிறது. 1932-ம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் கூட்டாளிகளுக்குச் சமம் என்றே சொல்கிறது, நஷ்டமும் அப்படியே.

கணக்கு பார்க்க ஆள் இல்லாத குழு

பங்குத் தகராறு குழுவைக் கலைக்கவில்லை. அது கலைந்த பிறகுதான் வழக்கே வந்தது. 1989-ல்கூட மாரிஸியின் தனிப் பாடல்கள் சிலவற்றுக்கு ரோர்க்கும் ஜாய்ஸும் வாசித்திருக்கிறார்கள். ஆனால் குழு கலைந்ததற்கும் வழக்கு வந்ததற்கும் வேர் ஒன்றுதான் என்பது என் வாதம். பேச வேண்டியதைப் பேசுவதற்கு அங்கே ஒரு ஆளும் இல்லை, ஒரு தாளும் இல்லை.

ஜோ மாஸ் 1983 கடைசியில் விலகிய பிறகு, நிலையாக ஒரு மேலாளர் அவர்களுக்கு அமையவே இல்லை. வந்தவர்கள் நிலைக்கவில்லை. ‘தி குயீன் இஸ் டெட்’ ஆல்பம் தயாராகியும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. குழு ரஃப் டிரேடை விட்டுப் போகப் பார்க்க, நிறுவனம் நீதிமன்றத் தடை வாங்கியது. ஆல்பம் 1986 ஜூனில்தான் வெளிவந்தது. பிறகு இ.எம்.ஐ. என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்காக ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்யும் முன்பே குழு முடிந்துவிட்டது. நான்கு ஆல்பங்களும் ரஃப் டிரேடில்தான் வந்தன.

இத்தனை வக்கீல் தொலைபேசிக்கும் நடுவே ஜானிதான் இசையும் அமைத்தார். 1987 மே மாதம், ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்காகச் சில்லா பிளாக் பாடிய பழைய பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். ஜானிக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. அந்தக் கோடையில் அவர் விலகினார். அப்போது அவருக்கு வயது 23. ‘ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்’ ஆல்பம் செப்டம்பரில் வெளிவந்தபோது, அதை மேடையில் வாசிக்கக் குழுவே இல்லை.

அதற்குப் பிறகு இருவரும் சும்மா இருக்கவில்லை. மாரிஸியின் முதல் தனி ஆல்பம் 1988-ல் பிரிட்டனில் 1-ம் இடம் பிடித்தது. ஜானி ‘தி தி’, ‘எலக்ட்ரானிக்’, ‘மாடஸ்ட் மவுஸ்’ எனப் பல குழுக்களில் வாசித்தார். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் எழுதியதற்கு ஈடான இன்னொரு கூட்டு இருவருக்கும் அமையவில்லை. இது என் ரசனை சார்ந்த கருத்துதான், மறுப்பவர்கள் இருக்கலாம்.

அலட்சியம் எதுவரை போனது தெரியுமா? குழுவின் பெயர்கூட வணிகமுத்திரையாகப் பதிவாகாமல் இருந்தது என்பது 2018-ல்தான் தெரியவந்ததாகவும், வெளியார் யாரோ அந்தப் பெயரைப் பயன்படுத்த முயன்றதால் தானே பதிவு செய்ததாகவும் ஜானி ஓர் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். கலைந்து முப்பது வருடம் கழித்து.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு குழு

இதே காலத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் இன்னொரு நால்வர் குழு இருந்தது. பெயர் ‘ஆர்.இ.எம்.’. 1980-ல் தொடங்கியது. ஸ்மித்ஸின் முதல் சிங்கிள் வந்த அதே 1983-ல் இவர்களுடைய முதல் முழு ஆல்பம், அதுவும் ஐ.ஆர்.எஸ். என்ற சுயாதீன நிறுவனத்தில் வந்தது.

இவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். எந்தப் பாட்டின் யோசனை யாருடையதாக இருந்தாலும், எழுதியவர்கள் என்று நான்கு பெயரும் வரும்: பெரி, பக், மில்ஸ், ஸ்டைப். அகர வரிசையில். பணமும் நான்கு பங்கு. டிரம்ஸ் வாசித்த பில் பெரியும் சம அளவில் பாட்டாசிரியர்தான். கணக்கையும் சட்ட விஷயத்தையும் பார்க்கத் தொடக்க காலத்திலிருந்தே ஆட்கள் இருந்தார்கள்.

1996-ஐப் பாருங்கள். ஸ்மித்ஸ் நீதிமன்றத்தில் நின்ற அதே வருடம்தான் ஆர்.இ.எம். வார்னர் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. தொகை 8 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. மறு வருடம் பெரி உடல் சோர்ந்து, விவசாயம் பார்க்கிறேன் என்று விலகியபோது சண்டை இல்லை. மீதி மூவரும் 2011 வரை தொடர்ந்து, பிறகு நண்பர்களாகவே கலைந்தார்கள். 2024-ல் அமெரிக்கப் பாடலாசிரியர்களுக்கான கௌரவப் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டபோது, நான்கு பேரும் ஒரே மேடையில் நின்று ஒரு பாட்டு வாசித்தார்கள்.

சமமாகப் பிரித்ததால் மட்டும்தான் அவர்கள் நிலைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குணம், அதிர்ஷ்டம், ஊர் எல்லாம் சேர்ந்துதான். எல்லாக் குழுவும் ஆர்.இ.எம். மாதிரியே பிரிக்க வேண்டும் என்பதும் என் வாதம் கிடையாது. ஸ்மித்ஸில் நான்கு பேரும் பாட்டு எழுதினார்கள் என்று போட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும். எழுதாதவரை எழுதியவர் என்று சொல்லச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, ஜாய்ஸும் கேட்கவில்லை. இரண்டு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் சதவீதத்தில் இல்லை. ஒரு குழுவில் நான்கு பேருக்கும் தங்கள் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். இன்னொன்றில் அதைத் தெரிந்துகொள்ள 1996 வரை ஆனது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். காசு விஷயத்தைப் பேசினால் நட்பு கெட்டுப்போகும் என்று பயப்படுகிறோம். ஸ்மித்ஸ் கதையில் நட்பு கெட்டது பேசாமல் விட்டதால்.

இசைக் குழு தொடங்கும் இளைஞர்கள், குறும்படம் எடுக்கும் நண்பர்கள், சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் எல்லோரும் முதல் மாதமே ஒரு பக்கத் தாளில் நான்கு விஷயம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். படைப்பை எழுதியவர் யார் யார், அதில் அவரவர் பங்கு எவ்வளவு? பதிவிலிருந்தும் நிகழ்ச்சியிலிருந்தும் வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது? பெயர் யாருக்குச் சொந்தம்? ஒருவர் விலகினால் அவருக்கு என்ன? 40-40-10-10 என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. 10 வாங்குகிறவர் அதைப் படித்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வாய்ப்புக் கிடைக்கும். ஜாய்ஸுக்குக் கிடைக்காதது அந்த வாய்ப்புதான்.

பணம் வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. பணம் வராத காலத்தில்தான் எல்லோரும் நியாயமாகப் பேசுவார்கள். வந்த பிறகு ஒவ்வொருவர் ஞாபகமும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்பவர்கள் குறைவு. தனக்குச் சாதகமானதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

2023 மே மாதம் ஆண்டி ரோர்க் புற்றுநோயால் காலமானார். அந்த நான்கு பேரும் மறுபடி ஒரு மேடையில் நிற்பார்களா என்று முப்பத்தைந்து வருடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது. 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு 10 சதவீதத்தோடு ஒதுங்கியவர் அவர். தன்னோடு அதே டிரம்ஸ்-பேஸ் ஜோடியில் இருந்த ஜாய்ஸுக்குச் சட்டம் கொடுத்த 25 அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இனி ‘திஸ் சார்மிங் மேன்’ கேட்கும்போது கிட்டாருக்குக் கீழே ஓடும் அந்த பேஸைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அதில் எத்தனை சதவீதம் அவருடையது என்று உங்கள் காதே சொல்லும்.